நேயர் நண்பராவது எப்படி: பாட்காஸ்ட் நடத்துபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாட்காஸ்ட் தொடங்கி, கொஞ்ச காலம் விடாமல் நடத்தியவர்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்திருக்கும்: "உங்களை ரொம்ப நாளாகத் தெரிந்ததுபோல இருக்கிறது." எழுதியவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாது. அவருக்கோ நீங்கள் எதற்குச் சிரிப்பீர்கள், எந்தப் பேச்சு வந்தால் உங்கள் குரல் தாழும், எதைச் சொல்ல வந்து பாதியில் நிறுத்துவீர்கள் என்பது வரை தெரியும். சமைக்கும்போதும், வேலைக்குப் போகும் வழியிலும், தூக்கம் வராத இரவிலும் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது, அப்படி எழுதுகிறவர்கள் பத்துப் பேர், நூறு பேர் ஆகும்போது அவர்களை ஒருவருக்கொருவர் எப்படி அறிமுகப்படுத்துவது, எங்கே நிறுத்திக்கொள்வது ஆகியவற்றைத்தான் இந்த வழிகாட்டி பேசுகிறது. டவுன்லோடு எண்ணிக்கையைக் கூட்டும் வழிகள் இதில் இல்லை.

பாட்காஸ்ட்டைச் சுற்றி ஒரு சமூகம் உருவாக இரண்டு விஷயங்கள் நடந்தாக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒன்று, நேயர் சொன்னது நிகழ்ச்சியில் எதையாவது மாற்ற வேண்டும். இரண்டு, ஒரு நேயருக்கு இன்னொரு நேயரைத் தெரிய வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் நோக்கிப் போகிறவைதான்.

முதலில்: இந்த நெருக்கம் எங்கிருந்து வருகிறது

முகம் தெரியாத குரலை நண்பராக நினைப்பது பாட்காஸ்ட்டோடு வந்த பழக்கம் இல்லை. 1933 மார்ச்சில் அமெரிக்க வங்கிகள் நெருக்கடியில் இருந்தபோது, அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் "நண்பர்களே" என்று தொடங்கி, வங்கி எப்படி இயங்குகிறது என்று நிதானமாக விளக்கினார். கேட்டவர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள், வானொலி, தொலைக்காட்சித் தொகுப்பாளர்களோடு மக்களுக்கு ஏற்படும் இந்த ஒருதலையான நெருக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பாராசோஷியல் உறவு என்று இன்று பலரும் பேசுவது அங்கிருந்து வந்ததுதான்.

பாட்காஸ்ட்டில் இந்த நெருக்கம் இன்னும் கூடுவதற்குக் காரணங்கள் உண்டு. பலர் ஹெட்ஃபோனில் கேட்கிறார்கள். அதில் கேட்கும் குரல் எதிரே இருந்து வருவதுபோல இருக்காது, தலைக்குள்ளேயே ஒலிக்கும். ஒரே பேச்சை ஸ்பீக்கரில் கேட்டவர்களைவிட ஹெட்ஃபோனில் கேட்டவர்கள் பேசுபவரோடு அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள் என்று 2022இல் லீபர்மன், ஷ்ரோடர், அமிர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

அடுத்தது நேரம். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டார். வாரம் ஒரு மணி நேரம் என்று பாட்காஸ்ட் நடத்தினால் ஒரு வருடத்தில் 52 மணி நேரம் ஆகிவிடும். ஹால் சொல்வது இருவரும் சேர்ந்து கழிக்கும் நேரத்தை. நம் விஷயத்தில் அந்த 52 மணி நேரமும் நேயரின் பக்கத்தில் மட்டும் சேர்கிறது. உங்கள் பக்கத்தில் இருப்பது பூஜ்யம். "ரொம்ப நாளாகத் தெரியும்" என்று அவர் எழுதுவதும், நீங்கள் திகைப்பதும் இதனால்தான்.

தொழில்நுட்பமும் இதற்கு ஒரு காரணம். புது எபிசோடுகளை நேயரின் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்.எஸ்.எஸ். ஃபீட் ஒருவழிப் பாதை. எத்தனை டவுன்லோடு ஆனது என்று தெரியும், யார் கேட்டார்கள் என்று தெரியாது. யூடியூபில் போட்டால் கமென்ட் வரும். ஸ்பாட்டிஃபையிலும் 2024இல் கமென்ட் வசதி வந்தது. ஆனால் வேறு ஒரு செயலியில் கேட்கிறவர் அவற்றைப் பார்க்கப்போவதே இல்லை. ஆகவே நேயரிடமிருந்து உங்களிடம் வரும் பாதையை நீங்களேதான் போட வேண்டும்.

படி 1: ஒருவரிடம் பேசுங்கள்

பெரும்பாலும் நேயர் தனியாகத்தான் கேட்கிறார். "கேட்டுக்கொண்டிருக்கும் அனைவருக்கும் வணக்கம்" என்றால் மேடைப் பேச்சாகிவிடும். பதிவு செய்யும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவரை, அந்த எபிசோடின் விஷயம் யாருக்கு உண்மையாகவே பயன்படுமோ அவரை, மனதில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். விளக்கம் எங்கே தேவை, எங்கே வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஒலி விஷயத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம், கவனம் போதும். வாய்க்கும் மைக்குக்கும் 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரம் இருக்கட்டும். ஒரு திசையிலிருந்து மட்டும் ஒலியை வாங்கும் மைக்குகளில், அருகே போகப் போகக் குரலில் கனம் கூடும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும். துணிகள் நிறைந்த சின்ன அறை எதிரொலியைக் குறைக்கும். எடிட்டிங் மென்பொருளில் சத்தத்தின் அளவை, ஆப்பிள் பரிந்துரைக்கும் மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) பக்கத்தில் வைத்தால், நேயர் எபிசோடுக்கு எபிசோட் வால்யூமை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியிராது.

எடிட்டிங்கில் பலர் அதிகமாக வெட்டிவிடுகிறார்கள். உளறலையும் திரும்பத் திரும்ப வருவதையும் எடுத்துவிடுங்கள். ஆனால் கேள்விக்குப் பதில் யோசிக்கும் இரண்டு விநாடி மௌனம், பேச்சை மறந்து சிரிக்கும் சிரிப்பு, "இல்லை, இரு, நான் சொன்னது தப்பு" என்று திருத்திக்கொள்ளும் இடம், இவற்றை விட்டுவையுங்கள். ஆளைத் தெரிந்துகொள்வது இந்த இடங்களில்தான்.

இரண்டு பேர் சேர்ந்து நடத்தினால், அவர்களுடைய நட்புதான் நேயரை உள்ளே அழைக்கும் வாசல். எதற்கெடுத்தாலும் ஒத்துப்போகும் இருவரைக் கேட்பது சலிப்பு. ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்து, கோபப்படாமல் முட்டிமோதி, கடைசியில் இரண்டு பேரும் கொஞ்சம் நகர்ந்து வந்தால், நேயர் மனதுக்குள் மூன்றாவது ஆளாகச் சேர்ந்து பேசத் தொடங்கிவிடுவார். உங்களுக்குள் ஓடும் கேலிகளும் பட்டப்பெயர்களும் பழைய நேயர்களுக்குப் பிடிக்கும். புதிதாக வந்தவருக்கு அதே இடம் வெளியாள் என்ற உணர்வைத் தரும். அதனால் அவ்வப்போது ஒரு வரியில் கதையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 2: எவ்வளவு சொல்வது என்று முன்பே முடிவு செய்யுங்கள்

சொந்த வாழ்க்கையைப் பற்றி ஒன்றுமே சொல்லாத தொகுப்பாளரோடு நட்பு வளராது. 1997இல் உளவியலாளர் ஆர்தர் ஆரோன் குழுவினர் முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராக உட்கார வைத்து, படிப்படியாக ஆழமாகும் 36 கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வைத்தார்கள். சும்மா பேசிக்கொண்டிருந்தவர்களைவிட இவர்களிடையே நெருக்கம் கூடியது. அங்கே இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் எபிசோடிலேயே மனதின் அடியாழத்தைக் கொட்டுவது கேட்பவரைத் தர்மசங்கடப்படுத்தும்.

நான் சொல்லும் அளவுகோல் இது: நடந்து முடிந்ததைப் பாட்காஸ்ட்டில் சொல்லுங்கள், நடந்துகொண்டிருப்பதை உங்கள் நெருங்கிய நண்பரிடம் சொல்லுங்கள். போன வருடம் வேலை போனதைப் பேசலாம். நேற்று வீட்டில் நடந்த சண்டையைப் பேசக் கூடாது, ஏனென்றால் அது எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியாது. அதற்குள் நூறு பேர் தீர்ப்புச் சொல்ல வந்துவிடுவார்கள். வீட்டு முகவரி, குழந்தைகள் படிக்கும் இடம், தினமும் நடக்கப் போகும் வழி, இவை எதுவும் பேச்சுவாக்கில்கூட வரக் கூடாது. பிறர் கதையை அவர்களைக் கேட்காமல் சொல்லக் கூடாது. சம்மதம் கொடுத்தாலும், எடிட் செய்த பகுதியை ஒரு முறை அவர்களுக்குக் கேட்கக் கொடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் உங்கள் துக்கத்தைச் சொன்னால் நேயரும் தன் துக்கத்தை எழுதுவார். அதைப் படிக்கத் தயாராக இருக்கும்போது மட்டும் சொல்லுங்கள்.

படி 3: ஒரே ஒரு வாசலைத் திறந்து வையுங்கள்

மின்னஞ்சல், இன்ஸ்டாகிராம், டெலிகிராம், எக்ஸ் என்று ஐந்து இடங்களைச் சொன்னால் நேயர் எதற்கும் எழுத மாட்டார். எழுதினாலும் நீங்கள் ஐந்தையும் பார்க்க மாட்டீர்கள். ஒன்று போதும். வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண் வைப்பது என் முதல் தேர்வு, ஏனென்றால் எழுதத் தயங்குகிறவர்கள்கூடப் பேசிவிடுவார்கள். சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள், அதற்கென்று தனி எண் வாங்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் பேசச் சொல்லுங்கள். ஒவ்வொரு எபிசோடிலும் அதே இடத்தில் அந்த எண்ணைச் சொல்லுங்கள்; கடைசி நிமிடத்தில் சொன்னால் பலர் அதற்குள் நிறுத்தியிருப்பார்கள்.

அப்புறம், என்ன கேட்கிறீர்கள் என்பது முக்கியம். "இந்த எபிசோட் பற்றி உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்" என்றால் ஏறக்குறைய யாரும் எழுத மாட்டார்கள். கருத்து என்றாலே சரியாகச் சொல்ல வேண்டுமே என்ற பயம் வந்துவிடும். வேலையை விடுவது பற்றிப் பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "வேலையை விட முடிவு செய்ததும் முதலில் யாரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பதில் ஒரே வரி. அது அவருக்கு மட்டுமே தெரியும். சரி, தப்பு என்று எதுவும் இல்லை. பதில் சொல்லத் தொடங்கிய பிறகு ஏன் அவரிடம் சொன்னேன் என்று தானாக இரண்டு வரி கூட வரும். கேள்வியை இந்த மூன்று தன்மையோடு அமைக்கப் பழகினால் வாசலில் ஆள் வரத் தொடங்கும்.

வரும் எண்ணிக்கையைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். இணையக் குழுக்களில் 90 சதவீதம் பேர் படிப்பதோடு சரி, 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், 1 சதவீதம் பேர்தான் தொடர்ந்து எழுதுவார்கள் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். கேட்பதோடு நிறுத்திக்கொள்ளும் அந்தப் பெரும்பான்மையும் உங்கள் சமூகம்தான். அவர்களைப் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

படி 4: பதில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கும்படி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தூக்கம் பற்றி ஓர் எபிசோட் போட்டீர்கள். இரவுப் பணி செய்யும் செவிலியர் ஒருவர் எழுதுகிறார்: "இரவில் சீக்கிரம் தூங்குங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். நான் காலை எட்டு மணிக்குத்தான் படுப்பேன். எனக்கு ஒன்றும் இல்லையா?" வழக்கமாக இதற்கு நடப்பது என்ன? "நிறைய பேர் எழுதியிருந்தீர்கள், எல்லோருக்கும் நன்றி" என்று ஒரு வரியோடு போய்விடும். எழுதியவர் அதோடு முடிந்தார்.

இப்படிச் செய்து பாருங்கள். அவர் எழுதியதை அவர் வார்த்தையிலேயே, மெருகேற்றாமல் வாசியுங்கள். பிறகு, "அவர் சொல்வது சரி. பகலில் தூங்குபவர்களை நாங்கள் யோசிக்கவே இல்லை. இரவுப் பணி செய்யும் மூன்று பேரோடு அடுத்த எபிசோடில் பேசப் போகிறோம். முதல் கேள்வி என்னவாக இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யுங்கள். அந்த எபிசோட் ஓடும்போது, இந்தக் கேள்வி ஒரு நேயரிடமிருந்து வந்தது என்று ஞாபகப்படுத்துங்கள்.

இதனால் அந்தச் செவிலியர் இனி கேட்பவர் மட்டும் இல்லை, நிகழ்ச்சியில் அவர் கையும் பட்டிருக்கிறது. இதுவரை ஒரு வரியும் எழுதாதவர்கள், எழுதினால் படிக்கிறார்கள், படித்தால் மாறுகிறார்கள் என்று தெரிந்துகொள்கிறார்கள். அப்புறம், எங்கோ பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கும் இன்னொருவர், தன்னைப்போல ஒரு ஆள் இதே நிகழ்ச்சியைக் கேட்கிறார் என்று முதல் முறையாக அறிகிறார். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சமூகம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. அதனால்தான் வாய்ஸ் மெசேஜை அப்படியே ஒலிபரப்பச் சொல்கிறேன். ஒரு நேயரின் குரல் இன்னொரு நேயரின் காதில் விழ வேண்டும்.

அனுப்பியவரிடம் ஒலிபரப்ப அனுமதி கேளுங்கள். பெயரைச் சொல்லலாமா, முதல் எழுத்து மட்டுமா, ஒன்றுமே வேண்டாமா என்று கேளுங்கள். தப்பைச் சுட்டிக்காட்டி வரும் கடிதத்தை மறைக்காமல் வாசியுங்கள். ஒரே ஆளின் கடிதம் வாராவாரம் வந்தால், பிடித்திருந்தாலும், அடுத்தவருக்கும் இடம் விடுங்கள்.

எல்லோருக்கும் தனிப்பட்ட பதில் எழுதுவது தொடக்கத்தில் முடியும், பிறகு முடியாது. முடியாத நாள் வந்ததும் அதை எபிசோடிலேயே சொல்லிவிடுங்கள்: "எல்லாவற்றையும் படிக்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுத முடியவில்லை." நேயர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். பதில் வருமா வராதா என்று தெரியாமல் காத்திருப்பதுதான் மனதை வருத்தும்.

நேயராக இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "சூப்பர்" என்பது சந்தோஷம் தரும், ஆனால் தொகுப்பாளர் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த நிமிடத்தில் எந்த வாக்கியம் உங்களை நிறுத்தியது, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் பக்கத்தில் சேர்ந்த 52 மணி நேரத்தில் கொஞ்சமாவது அவர் பக்கம் போய்ச் சேரும்.

படி 5: நேயருக்கு நேயரை அறிமுகப்படுத்துங்கள்

குழு எப்போது தொடங்குவது? ஒரு நேயரின் கடிதத்துக்கு இன்னொரு நேயர் பதில் எழுதி உங்களுக்கு அனுப்பத் தொடங்கியதும். "போன வாரம் பேசிய அந்தச் செவிலியருக்குச் சொல்லுங்கள், நானும் அப்படித்தான்" என்று வர ஆரம்பித்தால் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன்பே திறந்தால் நீங்கள் லிங்க் போடும் இடமாக மட்டும் குழு நின்றுவிடும்.

எங்கே தொடங்குவது என்பதற்குப் பொதுவான பதில் இல்லை. வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். ஆனால் ஒருவர் எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். பல பெண்கள் சேராமல் இருப்பதற்கு இது ஒன்றே போதிய காரணம், அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொள்ளலாம். டிஸ்கார்டில் தலைப்புக்கு ஒரு அறை என்று பிரிக்கலாம், நீண்ட காலத்துக்கு நல்லது. பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே குழம்பிப்போவார்கள். உங்கள் நேயர்கள் ஏற்கெனவே எதில் இருக்கிறார்கள் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், எண் தெரியாத இடமே மேல்.

எல்லோரையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள். முன்பு கடிதம் எழுதியவர்களில் இருபது, முப்பது பேரைத் தனித்தனியாக அழையுங்கள். ஒருவர் உள்ளே வந்ததும் பெயரைச் சொல்லி வரவேற்று, அவர் எழுதியதை ஞாபகப்படுத்தி, இன்னொருவரோடு இணைத்துவிடுங்கள்: "இரவுப் பணி பற்றி எழுதினீர்களே, இவரும் அதே நேரத்தில்தான் வேலை பார்க்கிறார்." முதல் இரண்டு வாரம் இந்த வேலைக்கு நேரம் ஒதுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட குழுக்கள்தான் காலை வணக்கப் படங்களால் நிரம்பிப்போகின்றன.

பிறகு மெல்ல மெல்ல நீங்கள் பின்வாங்க வேண்டும். யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் போடாதீர்கள், இன்னொரு நேயர் சொல்லட்டும் என்று காத்திருங்கள். நீங்கள் இல்லாத ஒரு நாள் குழுவில் நல்ல பேச்சு நடந்திருந்தால் வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால் பேச்சைவிட அது ஆழமாகப் பிணைக்கும். ஹேங்க் கிரீன், ஜான் கிரீன் சகோதரர்கள் 2007இல் யூடியூபில் ஒருவருக்கொருவர் வீடியோ போடத் தொடங்கினார்கள், பின்னாளில் பாட்காஸ்ட்டும் நடத்தினார்கள். அவர்களைச் சுற்றி உருவான சமூகம், அதே 2007 முதல் ஆண்டுதோறும் தொண்டு நிறுவனங்களுக்காக நிதி திரட்டுகிறது. அவ்வளவு பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு புத்தகம் சேர்ந்து படிக்கலாம். பழைய எபிசோடுகளுக்கு எழுத்து வடிவம் தயாரிக்கலாம். காது கேளாதவர்களுக்கும் அது பயன்படும்.

படி 6: விதியும் அட்மினும்

விதிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம், முதல் நாளே எழுதி வையுங்கள். நான் கட்டாயம் சேர்க்கச் சொல்வது மூன்று: கேட்காமல் யாருக்கும் தனிச் செய்தி அனுப்பக் கூடாது, குழுவில் ஒருவர் சொன்ன சொந்த விஷயம் வெளியே போகக் கூடாது, விற்பனை கூடாது. சின்ன மீறலுக்கு முதலில் தனியாகப் பேசுங்கள், எல்லோர் முன்னாலும் கண்டிக்காதீர்கள். தொல்லை கொடுத்தவரை மட்டும் தாமதிக்காமல் வெளியேற்றுங்கள், அவர் எவ்வளவு பழைய நேயராக இருந்தாலும். தொல்லைக்கு ஆளானவர் சத்தமில்லாமல் போய்விடுவார். நீங்கள் தயங்கும் ஒவ்வொரு நாளும் அப்படி ஒருவரை இழக்கிறீர்கள்.

அட்மின்கள் குறைந்தது இரண்டு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். சில மாதங்களுக்கு ஒரு முறை ஓய்வு கொடுத்து வேறு ஆளை மாற்றுங்கள். பாட்காஸ்ட்டில் வருமானம் வந்தால் அவர்களுக்கும் கொடுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது எழுதலாம். அந்த நாளுக்கு முன்பே உங்கள் நாட்டின் உதவி எண்களைக் குழுவின் மேலே பின் செய்து வையுங்கள். அப்படி ஒரு செய்தி வந்தால் உடனே, அன்போடு, நேரடியாகப் பதில் சொல்லுங்கள். பாதுகாப்பாக இருக்கிறாரா, அருகில் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள், உதவி எண்ணைக் கொடுங்கள். மனநல ஆலோசகரின் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 7: நேரில் சந்திக்கும்போது

பொது இடம், பகல் நேரம், இரண்டு மணி நேரம். மேடை வேண்டாம். மேடை போட்டால் எல்லோரும் உங்களைப் பார்த்து உட்காருவார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நாலைந்து பேர் வட்டமாக உட்காரும்படி செய்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் பேச ஒரு கேள்வி கொடுத்துவிட்டு நீங்கள் வட்டம் வட்டமாகப் போய் உட்காருங்கள். தனியாக வந்து ஓரமாக நிற்பவரைக் கவனித்துச் சேர்த்துவிடுவதற்கென்றே ஒருவரை நியமியுங்கள்.

உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் முன்னால் நிற்கும்போது என்ன பேசுவது என்று தடுமாற்றம் வரும். "நீங்கள் எந்த நேரத்தில் கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும்போதே அவர் வேலை, வீடு, பயணம் எல்லாம் வந்துவிடும், பேச்சு இரண்டு பக்கமும் ஓடத் தொடங்கும்.

படி 8: பணம்

நேயர்களிடம் ஆதரவு கேட்பதில் வெட்கம் வேண்டாம். 2013இல் தொடங்கிய பேட்ரியான் போன்ற தளங்கள் மாதச் சந்தாவை எளிதாக்கிவிட்டன. நேயர்களின் உறுப்பினர் கட்டணத்தைப் பெரிதும் நம்பி நடந்த மேக்சிமம் ஃபன் என்ற அமெரிக்க நிறுவனம், 2023இல் தன் ஊழியர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவாக மாறியது.

எதை விற்பது என்பதில் மட்டும் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கூடுதல் எபிசோட், விளம்பரமில்லாத ஃபீட், முன்கூட்டியே கேட்கும் வசதி, இவற்றுக்குக் காசு வாங்கலாம். கடிதம் வாசிக்கப்படுவதற்கும் குழுவில் இடம் கிடைப்பதற்கும் காசு வாங்கக் கூடாது. காசு கொடுத்தவரின் கடிதம் முதலில் வரும் என்றானால், படி 4இல் கட்டியது எல்லாம் சரிந்துவிடும். விளம்பரத்துக்கும் இதே கவனம் வேண்டும். நீங்களே வாசிக்கும் விளம்பரத்தை நேயர் நண்பரின் சிபாரிசாகத்தான் எடுத்துக்கொள்கிறார். நீங்கள் பயன்படுத்தாத பொருளுக்கு உங்கள் குரலைக் கொடுக்காதீர்கள்.

படி 9: உங்கள் எல்லை

ஒருவரால் ஏறக்குறைய 150 பேரோடுதான் நிலையான உறவு வைத்துக்கொள்ள முடியும் என்பது மானுடவியலாளர் ராபின் டன்பார் முன்வைத்த கணக்கு. அந்த எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு; ஆயிரம் பேருக்கு ஒருவர் நண்பராக இருக்க முடியாது என்பதில் வாதம் இல்லை. "நீங்கள் ஒவ்வொருவரும் என் நண்பர்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள், தனிமையில் இருக்கும் ஒருவர் அதை முழுதாக நம்பிவிடுவார். "உங்களோடு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்லலாம், அது உண்மை.

தினமும் பத்துச் செய்தி அனுப்பி, பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்பவர் ஒருவர் வருவார். அன்பாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: வாரத்தில் இந்த ஒரு நாள்தான் செய்திகளைப் பார்ப்பேன், தனிப்பட்ட பேச்சுக்கு என்னால் இயலாது, குழுவில் உங்களைப்போல யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். சொன்ன நாளைத் தவிர மற்ற நாளில் பதில் போட்டு நீங்களே அதை உடைக்காதீர்கள். அதன் பிறகும் மிரட்டலாக மாறினால் செய்திகளைச் சேமித்து வைத்து, தொடர்பைத் துண்டித்து, தேவையானால் காவல்துறைக்குப் போங்கள்.

படி 10: இடைவெளியும் நிறுத்தமும்

பாட்காஸ்ட்கள் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகின்றன. நேயருக்கு அது நண்பர் திடீரென்று பேசாமல் போவதுபோலத்தான். ஓய்வு தேவைப்பட்டால் மூன்று நிமிட எபிசோட் ஒன்று போட்டு, எப்போது திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

முழுதாக நிறுத்துவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்பே அறிவியுங்கள். குழுவை மூடாதீர்கள், அது உங்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. தொடர்ந்து நடத்த விருப்பமுள்ள இரண்டு மூன்று பேரிடம் அட்மின் பொறுப்பை மாற்றிக் கொடுத்து, சில வாரம் கூட இருந்து பழக்குங்கள். எபிசோடுகளை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவைக்குக் கட்டும் பணம் நின்றால் பல இடங்களில் எபிசோடுகளும் காணாமல் போய்விடும். ஆகவே எல்லா ஒலிக் கோப்புகளையும் இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இலவசக் காப்பகத்தில் ஏற்றி, அதன் லிங்க்கைக் கடைசி எபிசோடின் குறிப்பிலும் குழுவிலும் போட்டுவிடுங்கள். நேயர்கள் அனுப்பிய குரல் பதிவுகளில் ஒலிபரப்பாகாதவை இருந்தால், அனுப்பியவர்களைக் கேட்காமல் அவற்றைக் காப்பகத்தில் சேர்க்காதீர்கள். பதில் வராதவர்களுடையதை அழித்துவிடுங்கள்.